ஜெர்மனிக்கு ரெண்டு டீம்

எங்கள் ஊர்க் கபடி அணியைக் கட்சிதான் உடைத்தது என்று இன்றைக்கும் ஊரில் சொல்வார்கள். பாதி உண்மை. மீதிப் பாதியை உடைத்தவள் நான். அப்போது எனக்குப் பதினோரு வயது. வாய் கொஞ்சம் நீளம்.

கூட்டேரிப்பட்டு நெடுஞ்சாலையில் இறங்கி மூன்று மைல் உள்ளே நடந்தால் எங்கள் ஊர். கபடி அணியில் முக்கியமான இரண்டு பேர் எங்கள் வீட்டு ஆட்கள். ஒருவர் சித்தப்பா, அப்பாவின் தம்பி. இன்னொருவர் மாமா, அம்மாவின் தம்பி. இருவருக்கும் ஒரே வயது. ஒரே வகுப்பில் படித்து ஒன்றாகவே தோற்றவர்கள். ஆட்டத்தில் இடது மூலையில் கைகோத்து நிற்பார்கள். பாடிக்கொண்டு வருகிறவன் காலை நீட்டினால் மாமா கணுக்காலைப் பிடிப்பார். அவன் இழுத்துக்கொண்டு கோட்டைத் தொடுவதற்குள் சித்தப்பா குறுக்கே விழுந்து இடுப்பை அமுக்குவார். கோத்த கையில் விரலை அழுத்திச் சேதி சொல்லிக்கொள்வார்கள். ஒரு அழுத்து என்றால் பொறு, இரண்டு என்றால் விழு. எதிரணிக்கு இது தெரியாது. சித்தப்பா எனக்கு மட்டும் சொல்லியிருந்தார்.

காணும் பொங்கலன்று திண்டிவனத்தில் பெரிய போட்டி நடக்கும். அதில் ஜெயிக்கிற அணி விழுப்புரத்தில் மாவட்டப் போட்டிக்குப் போகும். அங்கே ஆடினால் சான்றிதழ் கொடுப்பார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கு மனுப் போட அந்தக் காகிதம்தான் மாமாவுக்கு வேண்டியிருந்தது. அவருக்கு வயது வரம்பு அந்த வருஷத்தோடு முடிகிறது. முந்தின வருஷம் திண்டிவனத்தில் கடைசி ஆட்டம் வரைக்கும் போய்த் தோற்றிருந்தார்கள். இந்த வருஷம் நிச்சயம் என்று எதிரணிக்காரர்களே சொன்னார்கள்.

அதற்குள் கட்சி உடைந்தது. தலைவர் செத்துப்போனார், இருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். சின்னம் உனக்கும் இல்லை எனக்கும் இல்லை என்று முடக்கப்பட்டது. அப்பா எங்கள் ஊர்க் கிளைச் செயலாளர். அவர் போன பக்கமே சித்தப்பாவும் போனார். மாமாவுக்குக் கட்சியே கிடையாது. போலீஸ் வேலைக்குச் சிபாரிசு பண்ணுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்த ஒன்றியச் செயலாளர் அடுத்த பக்கம் போனார், மாமா அவர் பின்னால் போனார். அவ்வளவுதான் கொள்கை. தம்பியோடு பேசக் கூடாது என்று அப்பா அம்மாவுக்கு உத்தரவு போட்டார். அம்மா கொல்லைப்பக்கம் போய்ப் பேசினாள்.

அணியில் நாலு பேர் அப்பா பக்கம், மூன்று பேர் அந்தப் பக்கம். ஏழு பனியனையும் அதே கணக்கில் பிரித்துக்கொண்டார்கள். மீதி இடத்துக்குக் கொடி பிடிக்கிறவர்களைப் பிடித்துப் போட்டார்கள். மாமாவின் பக்கம் சைக்கிள் கடைக்காரர் சேர்ந்தார். அவர் குனிந்தால் நிமிர நேரமாகும்.

அந்தப் பொங்கலுக்கு மூன்று நாலு மாதம் முன்னால்தான் ஒலிம்பிக்ஸ் முடிந்திருந்தது. பஞ்சாயத்து டிவியில் அணிவகுப்பைப் பார்த்து நாடுகளின் பெயரையெல்லாம் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். ஜெர்மனி இரண்டு தடவை வந்தது. கிழக்கு ஒன்று, மேற்கு ஒன்று. பிறகு விழுப்புரத்தில் நடந்த பொது அறிவுப் போட்டியில் அதையே கேள்வியாகக் கேட்டார்கள். எனக்கு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கிடைத்தது. உலகத்தில் தெரிந்துகொள்ள வேண்டியது அதோடு தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

காணும் பொங்கலும் வந்தது. தேர்தலுக்கு ஒரு வாரம்கூட இல்லை. இரண்டு அணியும் ஒரே பஸ்ஸில், முன்பாதி பின்பாதியாக உட்கார்ந்து திண்டிவனம் போயின. அப்பா என்னையும் கூட்டிப்போனார். மைதானத்தில் வேகவைத்த மல்லாட்டை வாங்கிக் கொடுத்தார், கடலையை உரித்துத் தின்றுகொண்டே நின்றேன்.

பதிவு மேசையில் ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர் ஒருவர் இருந்தார். இரண்டு பக்கமும் ஒரே ஊர்ப் பெயரைச் சொன்னதும் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

“இன்னாயா இது? ஒரு ஊருக்கு ஒரு டீமுதான். போன வருசம் ஃபைனல் ஆடுனவனுங்கதானே நீங்க?”

“நாங்கதான் சார் ஒரிஜினலு,” என்றார் அப்பா. “கேப்டன் எங்ககிட்ட கீறான்.”

“கேப்டன் இருந்தா ஆச்சா? கப்பு எங்க ஊட்ல கீது,” என்றார் ஒன்றியச் செயலாளர்.

“அது தோத்ததுக்குக் குடுத்த கப்புதானே, வச்சி மோரு குடி,” என்று அப்பா சொன்னதும் வரிசையில் நின்ற மற்ற ஊர்க்காரர்கள் சிரித்தார்கள்.

டிரில் மாஸ்டர் சிரிக்கவில்லை. “உங்க சின்னத்த முடக்குனாங்களே, அத்த மாதிரி ஊர் பேரயும் முடக்கிடுவேன். பத்து நிமிசம் டைம். ஒண்ணா வந்தீங்கன்னா ஆடுங்க. இல்லயா, ரெண்டு பேரும் ஜல்தியா பஸ் ஏறுங்க. பேஜாரு பண்ணாதீங்க.”

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார், மறுபடி எடுத்து உதறினார். ஒன்றியச் செயலாளர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆட்டக்காரர்கள் தனியாகத் தள்ளி நின்றார்கள். அப்போது சித்தப்பா தன் கூட்டத்தை விட்டுக் கிளம்பி, வலது கையை முன்னால் நீட்டியபடி நேராக மாமாவிடம் நடந்தார்.

போகியன்று சுவரில் விளம்பரம் எழுதிய தகராறில் இருவரும் சட்டையைப் பிடித்துக்கொண்டதை நான் பார்த்திருந்தேன். இப்போதும் அடிக்கத்தான் போகிறார் என்று பயந்துவிட்டேன். எப்படியாவது நிறுத்த வேண்டும். எனக்குத் தெரிந்ததைக் கத்தினேன்.

“சார், ஜெர்மனிக்கு ரெண்டு டீம் சார்!”

சித்தப்பா அப்படியே நின்றார். எல்லோரும் திரும்பினார்கள்.

“இன்னாது?” என்றார் டிரில் மாஸ்டர்.

“ஒலிம்பிக்ஸ்ல சார். கிழக்கு ஜெர்மனி, மேற்கு ஜெர்மனி. ஒரே ஜனங்கதான் சார், ரெண்டாப் பிரிஞ்சிட்டாங்க. ரெண்டு பேரயும் சேத்துக்கினாங்க சார். ரெண்டு பேரும் மெடல் வாங்கினாங்க.”

“பாப்பா கரெக்டா சொல்லுது,” என்றார் ஒன்றியச் செயலாளர்.

“எம் பொண்ணு,” என்றார் அப்பா. “விழுப்புரத்துல பிரைஸ் வாங்குனவ.”

ஒரு வருஷமாக எதிலும் ஒத்துப்போகாத இருவரும் இதில் ஒத்துப்போனார்கள்.

“ஏம்மா, அது நாடு. இது ஊரு. மொத்தமா எரநூறு ஊடு இருக்குமா?” என்றார் டிரில் மாஸ்டர். அதை யார் காதில் வாங்கினார்கள்? ஒலிம்பிக்ஸிலேயே ஒத்துக்கொண்டதைத் திண்டிவனத்தில் ஒத்துக்கொள்ள மாட்டீர்களா என்று இருவரும் மேசைமேல் குனிந்தார்கள். கடைசியில் அவர் பேனாவைத் திறந்தார். கிழக்கு, மேற்கு என்று எழுதினார். நீட்டிய கையால் சித்தப்பா பின்கழுத்தைச் சொறிந்துகொண்டே திரும்பிப் போய்விட்டார்.

ஜெர்மனி இரண்டாகப் பிரிந்தாலும் ஒவ்வொரு பக்கத்திலும் கோடிக்கணக்கில் ஆள் இருந்தார்கள். எங்களிடம் இருந்தது ஏழு பேர். மாமாவின் அணி முதல் ஆட்டத்திலேயே தோற்றது. பாடி வந்தவன் காலை நீட்டினான், மாமா கணுக்காலைச் சரியாகப் பிடித்தார், விடவேயில்லை. குறுக்கே விழ வேண்டிய சைக்கிள் கடைக்காரர் நின்று பார்த்தார். மாமாவை மண்ணில் இழுத்துக்கொண்டே அவன் கோட்டைத் தொட்டான். இதே மூன்று தடவை நடந்தது. அடுத்த ஆட்டத்தில் சித்தப்பாவின் அணியும் தோற்றது. கோப்பையை வாங்கிப்போனது நாங்கள் முந்தின வருஷம் ஊதித் தள்ளிய அணி.

பஸ்ஸில் மாமா முழங்கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு வந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். ஆட விடமாட்டேன் என்றவரை மடக்கி ஆட வைத்தவள் நான்தானே, ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

“நல்லாப் படி,” என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கல்லூரியில் படிக்கும்போதுதான் மிச்சத்தைப் படித்தேன். நாடு பிரிந்த பிறகும் சில ஒலிம்பிக்ஸில் இரண்டு ஜெர்மனியும் ஒரே அணியாகத்தான் போயின. ஒன்றாக வந்தால் வா என்று நடத்துகிறவர்கள் சொல்லிவிட்டார்களாம். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காதவர்கள் ஒரே கொடியின் கீழ் நடந்திருக்கிறார்கள். டிரில் மாஸ்டர் செய்யப் பார்த்ததும் அதைத்தான். அவருக்கு ஜெர்மனியைப் பற்றி ஒன்றும் தெரியாது. கபடி தெரியும், கட்சிக்காரனைத் தெரியும். எனக்குப் பாதி தெரியும். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு அவர் வாயை அடைத்தேன்.

சித்தப்பாவிடம் ஒருநாள் கேட்டேன். “அடிக்கவா போனேன்? கையப் புடிக்கப் போனேன்மே,” என்றார்.

தேர்தலில் இரண்டு பக்கமும் தோற்றன. தோற்றதும் புத்தி வந்தது. பொங்கல் முடிந்து ஒரு மாதம் போல இருக்கும், கட்சி ஒன்றாகிவிட்டது. சின்னமும் திரும்பக் கிடைத்துவிடும் என்றார்கள். கூட்டேரிப்பட்டு கூட்டுரோட்டில் வெடி வெடித்தார்கள். அப்பாவும் ஒன்றியச் செயலாளரும் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரே மாலையில் இரண்டு கழுத்தையும் நுழைக்கப் பார்த்தார்கள். நான் கைதட்டினேன். மாமா அங்கே இல்லை. சான்றிதழும் இல்லை, வயதும் தாண்டுகிறது என்று அதற்கு முந்தின வாரமே கட்டட வேலைக்கு ஆள் எடுத்த மேஸ்திரியோடு பெங்களூருக்குப் பஸ் ஏறியிருந்தார்.

வீட்டுக்கு ஓடினேன். அம்மா கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள்.

“எம்மா, கட்சி ஒண்ணாயிட்ச்சி. மாமாவ வரச் சொல்லும்மா. அடுத்த வருசம் சித்தப்பாகூட ஒண்ணா நின்னு ஆடலாம்,” என்றேன்.

அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். நல்ல சேதி சொன்னதற்கு எதற்கு அடி என்று அன்று பூராவும் யோசித்தேன். எனக்குத் தெரியவில்லை.