ஓமத்தண்ணியும் 401 நெடுஞ்சாலையும்

மூன்று மாதத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, என்னை என் வீட்டு வரவேற்பறையிலிருந்தே வெளியே போகச் சொன்னார்கள்.

சொன்னவள் பக்கத்து வீட்டு ரினி. அதற்குத் தலையாட்டியவர் என் கணவர். நான் தேர்ந்தெடுத்த சோபாவில் இருந்துகொண்டு, நான் போட்டுக் கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டு... எப்படி இருக்கும் எனக்கு?

ரினியை உங்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டும். இந்தோனேசியாவில் ஜாவாக்காரி. முப்பதுகளின் நடுவில் இருப்பாள். போன வருடம் நாங்கள் ரொறன்ரோவில், வோபர்ன் அப்பார்ட்மென்ரிலிருந்து விட்பியில் இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது, வேலிக்கு அந்தப் பக்கம் அவள் மிளகாய் நட்டுக்கொண்டிருந்தாள். மிளகாய் நடுகிற ஆளோடு எங்கள் சனத்துக்கு எப்படிப் பகை வரும்? என்னை ‘காக்’ என்று கூப்பிடுவாள். அவர்கள் பாஷையில் அக்காவாம். முதல் நாள் மட்டும், காகம் என்கிறாளோ என்று கொஞ்சம் திடுக்கிட்டேன்.

அவளுக்குப் பொதுச் சுகாதார ஆராய்ச்சியில் வேலை. இந்தோனேசியச் சனங்கள் உடம்பாலும் மனதாலும் எப்படி இருக்கிறார்கள் என்பதுதான் விஷயம். முன்பு ஜாவாக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்க் கேட்டிருக்கிறாள். இப்போது ரொறன்ரோவிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கிற இந்தோனேசியக் குடும்பங்களிடம் கேட்கப் போகிறாள். பின்னேரங்களில் வேலியடியில் நின்று அவள் சொல்லும் கதைகளுக்கு நான் அடிமை.

அவர்கள் ஊரில் தலையிடித்தாலும், பசிக்காவிட்டாலும், மாமியாரோடு சண்டை பிடித்து நித்திரை வராவிட்டாலும் ஒரே பதில்தானாம். ‘காற்றுப் புகுந்துவிட்டது.’ உடனே எண்ணெயைப் பூசி, ஒரு நாணயத்தால் முதுகில் சிவப்புச் சிவப்பாகக் கோடு விழும்வரை சுரண்டுவார்களாம்.

“அட, இது எங்கட வாய்வெல்லே!” என்று தமிழிலேயே கத்திவிட்டேன். பிறகு விளக்கினேன். நெஞ்சு அடைத்தால் வாய்வு. இடுப்பு நாரி பிடித்தால் வாய்வு. தோள்மூட்டு குத்தினாலும் வாய்வு அங்கே போய் நின்றுவிட்டது என்போம். இரண்டு பேரும் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

அவள்தான் முதலில் நிறுத்தினாள். “சிரிக்கிறோம், காக். ஆனால் நெஞ்சுநோவோடு விடிய விடிய முதுகைச் சுரண்டிக்கொண்டு கிடந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நேரம் பிந்திவிட்டது.”

நானும் நிறுத்தினேன். ஏனென்றால் என் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார்.

பனிக்காலம் தொடங்கியதிலிருந்தே இவர் வேலையால் வந்ததும் நெஞ்சைத் தடவிக்கொண்டு இருப்பார். வேலை ஸ்காபரோவில், ஒரு வேர்ஹவுஸில். என்ன என்று கேட்டால், “வாய்வு.” நானும் ஓமம் அவித்து, வடித்து, பிளாஸ்கில் ஊற்றிக் கையில் கொடுத்து அனுப்புவேன். ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு வருவார். டொக்டரிடம் காட்டுவோமா என்றால், “உதுக்கெல்லாம் டொக்டரோ?” என்று எழும்பிப் போய்விடுவார். எனக்கோ நாளுக்கு நாள் பயம். இவருக்கு இருதயத்தில் ஏதும் இருந்து, நான் ஓமத்தண்ணியைக் கொடுத்துக்கொண்டே இருந்து... மேலே யோசிக்க முடியவில்லை.

அந்த நேரத்தில்தான் ரினி ஓர் உதவி கேட்டாள். தன் கேள்விகளை வெளியே கொண்டுபோவதற்கு முன் யாரிடமாவது கேட்டுப் பழக வேண்டுமாம். கேள்வி விளங்குகிறதா, எங்கே சறுக்குகிறது என்று பார்க்கவாம். “உங்கள் கணவரிடம் கேட்கலாமா?”

கேளம்மா, கேள்! நான் கும்பிடாத குறை. நெஞ்சைப் பற்றி ஒரு கேள்வியாவது இருக்கும். அதில் இவர் பயந்து டொக்டரிடம் போவார். அதுதான் என் கணக்கு.

சனிக்கிழமை வந்தது. ரினி வந்தாள். பற்றிஸ், ரோல்ஸ், தேநீர் எல்லாம் பரப்பிவிட்டு நானும் சோபாவில் அமர்ந்தேன்.

“இந்த மாதம் உங்களுக்கு நித்திரை எப்படி?” என்று இவரைப் பார்த்துக் கேட்டாள்.

“நல்ல நித்திரை. குறட்டைதான் கொஞ்சம்,” என்றேன் நான்.

“உடம்பில் எங்காவது நோவு?”

“வாய்வு. நெஞ்சடியில்,” என்றேன் நான்.

“மனதில் ஏதாவது கவலை, பதற்றம்?”

“சே, அப்படி ஒன்றும் இல்லை. இவர் சரியான அமைதியான ஆள்.” அதுவும் நான்தான்.

ரினி கையிலிருந்த டாப்லட்டைக் கீழே வைத்தாள். “காக், கோவிக்க வேண்டாம். இவர் தனியாகப் பதில் சொல்ல வேண்டும். ஜாவாவில் நான் மனைவிமாரை வாழைப்பழம் பொரிக்க அனுப்பிவிடுவேன்.”

இவர் தலையாட்டினார். நான் எழும்பினேன். பொரிக்க என் வீட்டில் வாழைப்பழம்கூட இல்லை.

பேஸ்மென்றுக்குப் போனேன். மடித்து வைத்திருந்த உடுப்புகளை உதறித் திரும்ப மடித்தேன். மேலே வந்து ஃபிரிட்ஜைத் திறந்தேன், மூடினேன். பின்வளவுக்குப் போய் ஏற்கெனவே நனைந்திருந்த செடிக்குத் தண்ணீர் விட்டேன். கண்ணாடிக் கதவால் உள்ளே தெரிந்தது. இவர் கதைத்துக்கொண்டிருந்தார். கையை ஆட்டி ஆட்டிக் கதைத்துக்கொண்டிருந்தார்! ஃபோனில் ‘ஓம், சரி, வைக்கிறன்’ என்பதற்கு மேல் பேசாத மனிதர். பிறகு குனிந்து தரையைப் பார்த்தார். ரினி ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியே வெகுநேரம் இருந்தார்கள். எனக்கு உள்ளங்கால் நெருப்பில் வைத்ததுபோல இருந்தது.

அவள் போனதும் கேட்டேன். “என்ன கேட்டவள்?”

“நித்திரை, சாப்பாடு... உதுகள்தான்.”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“கேட்டதுக்குச் சொன்னன்.”

அவ்வளவுதான். மனிதர் புல் வெட்டப் போய்விட்டார்.

திங்கள், செவ்வாய் என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வேலியடியில் ரினியைப் பிடித்தேன். சுற்றி வளைத்தேன், நேராகவும் கேட்டேன். பயிற்சிக்குக் கேட்டதென்றாலும் யாரிடமும் சொல்ல மாட்டாளாம். விதியாம். விதியை விடு, ஆளுக்கு ஆபத்தா இல்லையா, அதை மட்டும் சொல் என்றேன். “அவரிடமே கேளுங்கள், காக்,” என்றவள் என் முகத்தைப் பார்க்காமல் மிளகாயைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். பிறகு மேலிடத்தைப் பற்றிப் புறுபுறுத்தாள். ஒவ்வொரு பேட்டியையும் கெதியாக முடிக்கச் சொல்கிறார்களாம். ‘சுகம்’ என்று சொல்லி முடித்து, ‘காற்று’ என்று சொல்லி முடித்து, அதற்குப் பிறகுதான் ஆட்கள் கதைக்கவே தொடங்குவார்களாம். அதுவரை வாயை மூடிக்கொண்டு இருக்க யாருக்கு நேரம் இருக்கிறது என்றாள்.

எனக்கு இருக்கிறதே! அன்று பின்னேரமே இவருக்கு முன்னால் போய் இருந்தேன். “உங்களுக்கு என்ன செய்யுது, சொல்லுங்கோ.” வாயை மூடினேன். இவர் நிமிர்ந்து பார்த்தார். உதடு அசைந்தது மாதிரி இருந்தது. அதற்குள் நான், “வாய்வு கூடிட்டுதோ? ஓமத்தோடை உள்ளியும் தட்டிப்போடட்டோ?” என்று கேட்டுவிட்டேன். “போடு,” என்று சொல்லிவிட்டு டிவியைப் பார்க்கத் தொடங்கினார்.

அந்த ஞாயிறு என் ஒன்றுவிட்ட தம்பியின் மகளுக்குக் கல்யாணம். மண்டபம் ஸ்காபரோவில். காலை முகூர்த்தம். சேலைக்கு ஊசி குத்தி முடிய வழக்கம்போலப் பிந்திவிட்டது. இவர் காரை எடுத்தார். எடுத்து, கிங்ஸ்டன் ரோட்டில் விட்டார்.

விட்பியிலிருந்து ஸ்காபரோவுக்குப் போக 401 நெடுஞ்சாலை இருக்கிறது. ஏறினால் பறக்கலாம். கிங்ஸ்டன் ரோட் என்றால் வழியெல்லாம் சிக்னல். ஆனால் இவருக்குக் கொஞ்சக் காலமாக அந்த ரோட்டில் எப்போதும் ஓர் அலுவல் இருக்கும். ஒருநாள் மீன்கடை, ஒருநாள் டயருக்குக் காற்று, ஒருநாள் யாரோ கூட்டாளியிடம் ஏணி வாங்க வேண்டும். நானும் பெரிதாக யோசித்ததில்லை.

“இஞ்சேருங்கோ, இதாலை போனால் தாலி கட்டி முடிஞ்சு சாப்பாட்டுக்குத்தான் போய்ச் சேருவம். 401-இலை ஏறுங்கோ.”

“இதாலையே போவம்.”

“ஏன்? இண்டைக்கும் மீன்கடையோ? பட்டுச் சீலையோடை மீன் வாங்கவோ?”

ஏஜக்ஸ் ஊர் தாண்டுமுன் சட்டென்று திருப்பி 401-இல் ஏற்றினார். எனக்கு வெற்றி. தலைக்கு மேல் மடித்திருந்த கண்ணாடியை இறக்கிப் பொட்டைச் சரிபார்த்தேன்.

கார் மெதுவானது. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். எங்களுக்கு இந்தப் பக்கம் ஒரு லொறி, அந்தப் பக்கம் ஒரு லொறி. ஏன் இப்படி ஊர்கிறீர்கள் என்று கேட்கத் திரும்பினேன். இவர் முகம் வெளிறிப்போயிருந்தது. நெற்றியிலிருந்து வியர்வை வழிந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்கள் விறைத்திருந்தன. ஓடி வந்தவர்போல வாயால் மூச்சு வாங்கினார்.

“என்னப்பா செய்யுது?”

“கதைக்காதை. கொஞ்சம் கதைக்காதை.”

பிக்கரிங்கில் இறங்கி, ஒரு கோப்பிக் கடையின் பார்க்கிங்கில் நிறுத்தினார். கதவைத் திறந்து ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டார். எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன். ஆம்புலன்ஸுக்கு 911 அடிக்கப் போனேன்.

“அடியாதை. நெஞ்சில்லை.”

“வாய்வு வாய்வெண்டு சொல்லிச் சொல்லியே...”

“வாய்வுமில்லை. மாசியிலை டொக்டரிட்டைப் போனனான். ஈசிஜி, அது இது எல்லாம் எடுத்தாச்சு. இருதயம் நல்லாக் கிடக்காம்.”

எனக்குச் சொல்லாமல் டொக்டரிடம் போயிருக்கிறார்! வேறொரு நாளென்றால் அந்தப் பார்க்கிங்கே அதிர்ந்திருக்கும். அன்று எனக்குச் சத்தம் வரவில்லை. அவ்வளவு பயந்துபோயிருந்தேன். அப்படியே அவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அப்போது அவராகவே தொடங்கினார்.

“பனிக்குள்ளை ஒருநாள் ரெண்டு லொறிக்கு நடுவிலை மாட்டுப்பட்டனான். ஒண்டும் நடக்கேல்லை. காரிலை ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அண்டையிலை இருந்து 401-இலை ஏறினால் மூச்சு நிக்கிற மாதிரி வரும். இப்பவே செத்துப்போவன் எண்டு வரும். அதுதான் வேலைக்கு இருட்டோடையே வெளிக்கிட்டுக் கிங்ஸ்டன் ரோட்டாலை போறன்.”

“ரினியிட்டைச் சொன்னனீங்களோ?”

“ஓம்.”

“என்னட்டை ஏன் சொல்லேல்லை?”

கோப்பிக் கடை வாசலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “அவள் கேட்டுப்போட்டு பாத்துக்கொண்டிருந்தவள். நீ ஓமத்தண்ணியெல்லே தந்தனி.”

அடித்திருந்தால்கூட அவ்வளவு நொந்திருக்காது.

வெளியே ஊன்றியிருந்த காலை உள்ளே எடுத்துக்கொண்டு, “நீ ஆசைப்பட்டு வாங்கின வீடு,” என்றார். “ரோட்டிலை ஓடப் பயமாக் கிடக்கு எண்டால், நீ விப்பம் எண்டு நிப்பாய். அங்கை அப்பார்ட்மென்ரிலை ஒரு பூச்சட்டி வைக்க இடமில்லாமல் நீ பட்ட பாட்டை நான் பாத்தனான்தானே.”

அழுதேன். கல்யாண மேக்கப் முழுக்கக் கரைந்து கழுத்துக்கு இறங்கும்வரை அழுதேன். பிறகு கிங்ஸ்டன் ரோட்டாலேயே போனோம். தாலி கட்டி முடிந்திருந்தது.

எங்கள் சனத்தை நினைத்துப் பார்க்கிறேன். அந்த மண்டபத்திலேயே பார்த்தேன். சுகர் எவ்வளவு, கொலஸ்ட்ரோல் எவ்வளவு, யாருக்கு எங்கே ஸ்ரென்ற் வைத்தது... மேசைக்கு மேசை ரிப்போர்ட் வாசிக்கிறார்கள். ஒருவராவது ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்று சொல்கிறாரா? மனதுக்கு வருகிற வருத்தம் எங்கள் வீடுகளுக்குள் தனியாக வர முடியாது. ஊரிலிருந்து ஆட்களை எடுப்பதுபோல, நாரியோ நெஞ்சோ அதை ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட வேண்டும்!

ஜாவாவிலும் அப்படித்தான் என்கிறாள் ரினி. எனக்கு அதில் ஆறுதல் ஒன்றும் இல்லை. சுரண்டுகிற மனைவியாவது முதுகைத் தொட்டுக்கொண்டிருக்கிறாள். நான் பிளாஸ்கை மூடிக் கையில் கொடுத்து அனுப்பியவள்.

வீட்டை விற்போம் என்று சொல்லிப் பார்த்தேன். கோபம் வந்துவிட்டது அவருக்கு. ரயிலில் போகலாமே என்றேன். இறங்கி வேர்ஹவுஸுக்கு இரண்டு பஸ் எடுக்க வேண்டுமாம். அது இன்னும் முடியாத கதை. இதை எழுதியதும் முதலில் அவருக்குத்தான் வாசித்துக் காட்டினேன். ஓர் இடத்தை வெட்டச் சொன்னார், வெட்டிவிட்டேன்.

குடும்ப டொக்டர் எழுதிக் கொடுத்து, இப்போது வாரம் ஒரு முறை ஸ்காபரோவில் ஓர் ஆலோசகரிடம் போய்க் கதைத்துவிட்டு வருகிறார். கூடவே நானும் போகிறேன். காருக்குள் இருந்து ரேடியோவைப் போடுகிறேன், நிறுத்துகிறேன், சீட்டைச் சாய்க்கிறேன், நிமிர்த்துகிறேன். அவர் வந்து ஏறியதும் ‘என்ன கதைச்சனீங்கள்?’ என்பது தொண்டைவரை வந்து நிற்கும். சில நாள் வீடு வரும்வரைக்கும் ஒன்றும் சொல்ல மாட்டார். சில நாள் ஏதோ ஒரு சிவப்பு லைற்றில் திடீரென்று தொடங்குவார். நான் வாயே திறப்பதில்லை.

நகம்தான் ஒன்றும் மிச்சமில்லை.