மீதியை அவள் வந்த பிறகு

திண்டுக்கல்லில் சொட்டுநீர்ப் பாசனச் சாமான்கள் விற்கும் கம்பெனி ஒன்றின் கிளையில் சர்வீஸ் பிரிவை நான் பார்த்துக்கொள்கிறேன். குழாயில் தண்ணீர் வரவில்லை, தண்ணீரோடு உரம் ஏறவில்லை என்று விவசாயிகள் போன் செய்வார்கள். பாதிப் பிரச்சினையைப் போனிலேயே தீர்த்துவிட்டால் மெக்கானிக்கை அனுப்ப வேண்டியதில்லை. அப்படித் தீர்த்துவைப்பதில் எங்களில் கெட்டிக்காரி, கன்னிவாடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். விவசாய டிப்ளமோ படித்தவள், என்னைவிட வயதில் இளையவள். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து உண்டாகி, இரண்டு முறை கலைந்து, மூன்றாவது முறையாக அப்போது வயிற்றில் இருந்தது.

அவள் பிரசவ விடுப்புக்கு எழுதிக்கொடுத்த வாரமே தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. அவள் இடத்துக்கு வேறு ஆள் போட மாட்டார்கள். அவளுக்குத் தெரிந்ததையெல்லாம், அவள் போவதற்குள், ஆபீஸில் எல்லோருக்கும் கிடைக்கும்படி செய்துவிட வேண்டும். திட்டம் போடும் வேலை என் தலையில் விழுந்தது.

ஆர்வத்தில் பெரிதாகவே போட்டேன். தனி சாஃப்ட்வேர், வீடியோ, தோட்டம் தோட்டமாகப் போய்ப் படமெடுக்க வாடகைக் கார். மேனேஜர் படித்துவிட்டுச் சிரித்தார்.

"ஏம்மா, ஹெட் ஆபீஸ் குடுக்கிற காசுக்கு ஒரு நல்ல போன் வாங்கலாம், கொஞ்சம் பெட்ரோல் போடலாம். அம்புட்டுத்தான்."

அதனால் எதைச் செய்வது என்பதைவிட எதை விடுவது என்றுதான் யோசிக்க வேண்டியிருந்தது. எப்போதாவது வரும் கேள்விகளை விட்டேன். அடிக்கடி வருகிறவை மட்டும் போதும் என்று வைத்துக்கொண்டேன். எங்களோடு போன் எடுக்கும் இன்னொருவர் ரெட்டியார்சத்திரத்துக்காரர். முன்பு மெக்கானிக்காக இருந்தவர், அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். அவர் சொன்னார்: "எழுதி வச்சா எவன் மேடம் படிப்பான்? அந்தப் பக்கம் ஆளு லைன்ல நிப்பான். பாப்பா பேசுறத அப்படியே போன்ல புடிச்சு வச்சுருவோம்."

அது சரியாகப் பட்டது. அவளிடம் சொன்னபோது மட்டும் அவள் முகம் தெளியவில்லை. மதியம் சாப்பிடும்போது டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"சாப்பிடலையா?"

"அக்கா, நான் பிரசவத்துக்குத்தான போறேன்? எல்லாரும் நான் இல்லாம போயிட்டா என்ன பண்றதுனே பேசுறீங்க. கேக்கவே ஒரு மாதிரி இருக்கு."

டப்பாவை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன். அவளே தொடர்ந்தாள்.

"இன்னொண்ணும் இருக்கு. எனக்குத் தெரிஞ்சத எல்லாம் எடுத்து வச்சுக்கிட்டா, திரும்பி வாரப்ப எனக்கு இங்க என்ன வேலை இருக்கும்?"

அப்படியெல்லாம் ஒன்றும் ஆகாது என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அந்த வாக்குக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஒரு நாள் குடு, யோசிக்கிறேன்" என்றேன்.

மறுநாள் திட்டத்தை இரண்டாகப் பிரித்தேன். தினமும் வரும் கேள்விகள் முதல் பாதி. உப்புத் தண்ணீர் உள்ள கிணறுகள், ஒவ்வொரு பயிருக்கும் உரம் விடும் விதம் போன்ற, தோட்டத்துக்கே போய்ப் பார்க்க வேண்டியவை இரண்டாம் பாதி. அதற்கான பொறுப்பு என்ற இடத்தில் அவள் பெயரைப் போட்டு, பணத்திலும் ஒரு பங்கை அதற்கென்று ஒதுக்கினேன்.

மேனேஜர் புருவத்தைச் சுருக்கினார். "இருக்கிறதே கொஞ்சம். அதுல எதுக்குமா நிறுத்தி வைக்கிற?"

"மீதிய அவ வந்த பெறகுதான் சார் செய்ய முடியும். அவ இல்லாம ரெண்டாவது பாதி கெடையாது."

அவர் வேறெதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். அதை அவளிடம் காட்டினேன். தன் பெயர் இருந்த இடத்தை இரண்டு முறை படித்தாள். "சரிக்கா, ஆரம்பிப்போம்" என்றாள்.

அவள் பேசுவதைப் பதிவு செய்தபோதுதான், அவளுடைய சாமர்த்தியம் பதிலில் இல்லை, திருப்பிக் கேட்கும் கேள்வியில் இருக்கிறது என்று கவனித்தேன். கடைசி வரிசைக்குத் தண்ணீர் போகவில்லை என்று ஒருவர் சொன்னால் அவள் முதலில் கேட்பது, "நேத்து போச்சாண்ணே?" என்பதுதான். நேற்றுப் போயிருந்தால் ஃபில்டரைக் கழுவச் சொல்வாள். என்றைக்குமே போனதில்லை என்றால் குழாய் அளவுக்கு மீறி நீளமோ என்று விசாரிப்பாள்.

முதல் பாதியில் பாதிகூட முடியவில்லை. ஒரு நாள் காலை அவள் வரவில்லை. லேசாக உதிரம் பட்டிருந்தது, டாக்டர் படுக்கையை விட்டு எழக்கூடாது என்று சொல்லிவிட்டார் என்று அவள் கணவர் போனில் சொன்னார். நான் மேனேஜரிடம் போய், இதோடு நிறுத்திக்கொள்வோம் என்றேன். அவரும் சரி என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கக் கன்னிவாடிக்குப் போனேன். காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுத்திருந்தாள். நலம் விசாரித்து முடிப்பதற்குள், "அடுத்த கேள்வி என்னக்கா?" என்றாள்.

உள்ளேயிருந்து மாமியார் குரல் கொடுத்தார். "ஏத்தா, செத்த நேரம் கண்ண மூடிப் படு. ஆபீஸ் எங்கயும் ஓடிப் போயிறாது."

அவள் என் கையைப் பிடித்து மெதுவாகச் சொன்னாள். "சும்மா படுத்திருந்தா வயித்த மட்டுந்தான்க்கா நெனச்சுக்கிட்டு இருக்கேன். அசைவு தெரியலன்னா உயிரே போயிருது. பேசிக்கிட்டு இருந்தா நேரம் போகும்."

டாக்டரிடம் கேட்டோம். படுத்தபடி பேசலாம், அலுப்பு வந்தால் நிறுத்திவிட வேண்டும் என்றார். பதிவுக்கென்று வாங்கிய ஆபீஸ் போனை அவளிடமே கொடுத்துவிட்டு வந்தேன். முடிந்தபோது ஒன்றிரண்டு அனுப்புவாள். அந்தப் பதிவுகளில் ஃபேன் சத்தம் கேட்கும், கோழி கத்துவது கேட்கும். ஒன்றில் நடுவே பேச்சை நிறுத்தி, "அக்கா, இப்பத்தான் உதைச்சுச்சு" என்று சிரிக்கிறாள். அதை நான் வெட்டவில்லை. வெட்டாமலே எல்லோருக்கும் கேட்கக் கொடுத்தேன்.

ஆபீஸில் ரெட்டியார்சத்திரத்துக்காரர் அந்தப் பதிவுகளைக் கேட்டுக் கேட்டுப் பழகிக்கொண்டார். எரியோட்டிலிருந்து ஒரு விவசாயி அடிக்கடி கூப்பிடுவார். தக்காளித் தோட்டம். ஒரு நாள் பிரச்சினை தீர்ந்த பிறகும் அவர் போனை வைக்கவில்லை.

"எல்லாஞ் சரி. அந்தப் புள்ள எங்கய்யா? ரொம்ப நாளா காணோமே?"

ரெட்டியார்சத்திரத்துக்காரர் விஷயத்தைச் சொன்னார்.

"நல்லபடியா பெத்துப் பொழச்சு வரட்டும். எங்க வீட்டுல சொல்லி வெளக்கேத்தச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு அந்த விவசாயி போனை வைத்தார்.

நாள் ஆவதற்கு முன்பே பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவு என்று கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். நான் போனபோது அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வேலையைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அவள் தலையைச் சீவிப் பின்னிவிட்டு வந்தேன். பிறகு குழந்தை தேறி வீட்டுக்கு வந்தது.

விடுப்பு முடிந்து அவள் திரும்பியதும் இரண்டாம் பாதியைத் தொடங்கினோம். ஒதுக்கி வைத்திருந்த பணம் பெட்ரோலுக்குச் சரியாக இருந்தது. ரெட்டியார்சத்திரத்துக்காரரையும் கூட்டிக்கொண்டு எரியோடு பக்கம் ஒரு முருங்கைத் தோட்டத்துக்குப் போனோம். கிணற்றில் உப்புத் தண்ணீர். சொட்டுச் சொட்டாய் நீர் விழும் துளைகளெல்லாம் வெள்ளையாகப் படிந்து அடைத்திருந்தன. நான் போனை எடுத்து அவள் பக்கம் நீட்டினேன். அவள் அதை என் கையிலிருந்து வாங்கி, ரெட்டியார்சத்திரத்துக்காரர் பக்கம் திருப்பினாள்.

"அண்ணே, இத நீங்க சொல்லுங்க."

"நானா? எனக்கு என்ன பாப்பா தெரியும், நீயே சொல்லு."

"நான் இல்லாதப்ப நீங்கதான சமாளிச்சீங்க? சொல்லுங்கண்ணே, நான் புடிக்கிறேன்."

அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, தொண்டையைச் செருமி, குழாயின் கடைசி மூடியைத் திறந்து காட்டியபடி பேச ஆரம்பித்தார். முதலில் நாக்குக் குழறியது. அவள் சிரித்து, மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னாள்.