பித்தளை வில்லையும் சட்டைப் பொத்தானும்

காலை 5.30, திருகோணமலை. மட்டக்களப்பு பஸ்ஸில் ஏறி உட்காருவதற்குள் சட்டைப் பையை நாலு தடவை தடவிப் பார்த்துவிட்டேன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, சீமெந்து மூட்டை சுமந்து, இன்று மூன்று ஹார்ட்வெயார் கடைகளுக்கு முதலாளியாக இருப்பவன் நான். லொறி லொறியாக இரும்பு இறக்கியபோதும் நெஞ்சு இப்படி அடித்ததில்லை. பையில் இருந்தது ஒரு சின்னப் பித்தளை வில்லை. அதில் பிரையன் என்ற பெயரும் ஓர் எண்ணும்.

பிரையன், போர்த்துக்கேயர் வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர் வீட்டுப் பிள்ளை. அவனுடைய தாய் ரோசலின் அக்காவின் தகப்பனார் வைத்திருந்த தச்சுப் பட்டறையில்தான் நான் முதல் சம்பளம் வாங்கினேன். சிறுவயதில் தாயோடு அவுஸ்திரேலியா போன பிரையன் அங்கே பட்டாளத்தில் சேர்ந்து, வேறொரு நாட்டுச் சண்டையில் இறந்துபோனான். கூட இருந்த வீரர்கள் அவன் பெயரில் வில்லைகள் அடித்து, உலகமெங்கும் மனிதர்கள் விளையாட்டாக ஒளித்து வைக்கும் பெட்டிகளில் போட்டு வருகிறார்கள். கைபேசி இடத்தைக் காட்டும். பெட்டியைக் கண்டெடுத்தால் ஒரு பொருளை வைத்து, ஒன்றை எடுத்து, அதை இன்னோர் ஊர்ப் பெட்டிக்குக் கொண்டுபோக வேண்டும். வில்லையின் எண்ணை இணையத்தில் பதிந்தால், மகன் இப்போது எந்த நாட்டில் என்று தாய் பார்த்துக்கொள்வாள்.

அப்படி ஒரு பெட்டி மட்டக்களப்பு வாவிக்கரையில் இருக்கிறது. இன்று பிரையனின் பிறந்த நாள். இந்த நாளில் ஒரு வில்லை அவன் பிறந்த ஊர்ப் பெட்டிக்குப் போகவேண்டும் என்று அக்கா எனக்குத் தபாலில் அனுப்பியிருந்தாள். "என்னிட்ட விடுங்க அக்கா" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். பெட்டியை யாரும் கண்டு இரண்டு வருடமாகிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

9.45, மட்டக்களப்பு. நூற்று முப்பது சொச்சம் கிலோமீட்டர். கைபேசி காட்டிய மண்முனைக்குப் போய்வர 3,000 ரூபாய் கேட்ட ஆட்டோக்கார சுதனை 2,800க்குக் கொண்டுவந்தேன். பேரம் பேச எனக்கு யாரும் கற்றுத்தரத் தேவையில்லை. விசயத்தைச் சொன்னதும் சிரித்தான்.

"ஐயா, வாவிக்கரையில பெட்டி தேடினா புதையல்காரன் எண்டு பிடிப்பாங்க. இல்லாட்டிக் குண்டு வைக்கிறவன் எண்டு. உங்கட வயசுக்கு எது பொருத்தம்?"

"உன்ட வாடகைய இன்னும் குறைக்கணும் போல" என்றேன். ஆனால் பையை மறுபடியும் தடவினேன்.

10.40, மண்முனைப் பாலம். முன்பு இங்கே பாலம் இல்லை. 'பாதை' என்கிற மிதவையில்தான் வாகனமும் சனமும் அக்கரைக்குப் போகும். கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில், அந்தப் பழைய துறையடியில், கண்டல் மரங்களுக்குள் கைபேசி காட்டிய புள்ளி நின்றது. கல்லிடுக்கில் கையை விட்டேன். ஒரு நண்டு ஓடியது. பெட்டி இல்லை. அரை மணி நேரம் ஒவ்வொரு கல்லாகப் புரட்டினேன். ரோசலின் அக்கா அவுஸ்திரேலியாவில் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள்.

"என்னத்தக் கிண்டுறீங்க?"

இறால் கூடையோடு ஒரு பெண், என்னைவிட நாலைந்து வயது இளையவள். சுதன் எனக்கு முந்திக்கொண்டு, "பெட்டி தேடுறார் அக்கா, நம்பிக்கையான ஆள்தான்" என்றான்.

"மாரித் தண்ணி கொண்டு போயிருமெண்டு என்ட வாடிக்குள்ள வச்சிருக்கன். முதல்ல கண்டப்ப குண்டெண்டு ரெண்டு நாள் கிட்டப் போகல்ல. மறுகா ஒரு வெள்ளைக்காரி வந்து, ஒண்டு வச்சு ஒண்டு எடுக்கணும் எண்டு கையால காட்டினா. நீங்க என்ன கொண்டுவந்த?"

வில்லையைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நம்பர் போட்ட தகடு. ஆமிக்காரனோ?"

"ஓம் தங்கச்சி. இஞ்சத்த ஆமி இல்ல. அவுஸ்திரேலியா ஆமி. பிறந்தது மட்டக்களப்பில."

சுதன் தரையைப் பார்த்தான். அவள் இறால் கூடையை இறக்கி வைத்தாள்.

"தாய் இருக்காவோ?"

"இருக்கிறா."

"அப்ப வைங்க."

மீன்பிடிப்பவர்கள் தங்கும் ஓலை வாடிக்குள்ளிருந்து பிளாஸ்டிக் பெட்டியை எடுத்து வந்தாள். பொம்மைகள், வெளிநாட்டுச் சில்லறை, ஒரு சின்னக் கொப்பி. ஓரத்தில் ஒரு நீலப் பொத்தான்.

"அது என்ட மகன்ட. இயக்கத்துக்குப் போனவன், திரும்பி வரல்ல. உடம்பும் வரல்ல. பள்ளிக்கூடச் சட்டைதான் கிடந்தது. வாறவங்க எல்லாரும் பொம்மையத்தான் எடுக்கிறாங்க. பொத்தான ஆர் எடுக்கப்போறாங்க?"

வில்லையை வைத்துவிட்டு, பொத்தானை நான் எடுத்தேன். யாராவது பார்த்து, இது என்ன, யாருடையது என்று கேட்டால் என்ன சொல்வேன்? சுதன் பெட்டியையும் வில்லையையும் படம் பிடித்தான். எண்ணையும் படத்தையும் இணையத்தில் பதிந்ததும், அவளிடம் சரியாக விடைகூடப் பெறாமல் ஆட்டோவில் ஏறிவிட்டேன். மூன்று கடை ஆட்களைக் கட்டி மேய்த்தவன், அப்படி ஓடிவந்தேன்.

பகல் 1.50, வாழைச்சேனை. திரும்பும் பஸ் தேநீருக்கு நின்றபோது ரோசலின் அக்கா கூப்பிட்டாள். படத்தைப் பார்த்துவிட்டாள். அழுது முடியும்வரை காதில் வைத்திருந்தேன்.

"நீ என்ன எடுத்த தம்பி?"

சொன்னேன்.

"இஞ்ச அனுப்பு. பிரையன்ட பட்டாளத்து ஆக்கள் கொண்டு போவாங்க, அவன் போற இடமெல்லாம். அந்தப் பிள்ளைக்குப் பேர் என்ன?"

எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவில்லை. பயத்தில், ஒரு தாயிடம் மகனின் பெயரைக்கூடக் கேட்காமல் வந்திருக்கிறேன். வில்லையில் பெயர் இருந்தது, எண் இருந்தது. இந்தப் பொத்தானில் நான்கு ஓட்டைகள் மட்டும்தான். சுதனின் நம்பர் கைபேசியில் இருக்கிறது. ஆனால் ஆட்டோக்காரனிடம் போனில் கேட்டுவிடுகிற விசயமா அது?

கண்டக்டர் சத்தம் போட்டார். "திருமலை, திருமலை! ஐயா ஏறுங்க!"

"நீங்க போங்க" என்றேன். பையில் பொத்தான் இருக்கிறதா என்று இன்னொரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, வீதியைக் கடந்து, மட்டக்களப்பு பஸ் வரும் பக்கத்தில் போய் நின்றேன்.