கானாங்கோழிக்குச் சீயக்காய்

கப்பலிலிருந்து கசிந்த எண்ணெயில் தோய்ந்து கரையில் கிடந்த பறவைகளைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். "குளிப்பாட்டி விட்டா சரியாயிருமாம்மா?" என்று மகள் கேட்டாள். தொலைக்காட்சியை அணைத்துவிட்டு அவளை அருகில் இழுத்துக்கொண்டேன்.

எனக்கு ஆறு வயதிருக்கும். வட்டகொடைக்கு மேலே எங்கள் தோட்டம். தேயிலைத் தொழிற்சாலை எஞ்சினுக்குக் கறுப்பு எண்ணெய் ஏற்றிவந்த பவுசர் வண்டி வளைவில் சரிந்து, அத்தனையும் நாங்கள் குடியிருந்த லயத்துக்குக் கீழே ஓடும் ஆற்றில் இறங்கிவிட்டது. சனம் வாளியோடு ஓடியது. அப்பாவும் ஓடினார், திரும்பி வந்தபோது வாளிக்குள் எண்ணெய் இல்லை, ஒரு கானாங்கோழி இருந்தது. அதன் வெள்ளை நெஞ்சே தெரியவில்லை.

அப்பாவின் தங்கை எங்களோடுதான் இருந்தாள். சனிக்கிழமை எனக்கு எண்ணெய் தேய்த்தால் சீயக்காய் போடாமல் விடமாட்டாள். இதற்கும் அதைத்தான் போட வேண்டும் என்றேன். அத்தை சிரித்தாள், ஆனாலும் கரைத்தாள். மேட்டிலிருந்து விழும் பீலித் தண்ணீரில் வைத்துத் திரும்பத் திரும்பத் தேய்த்தாள்.

"கண்ண மூடிக்கடி, எரியும்" என்று என்னிடம் சொல்வதை அதனிடமும் சொன்னாள். அது அவள் விரலைக் கொத்தியது. "ஒன்னைய மாதிரியே அடங்காதது" என்றாள் என்னைப் பார்த்து.

கொழுந்தெடுக்கப் போகையில் போர்த்தும் கம்பளியில் சுற்றி அடுப்போரம் வைத்தாள். காலையில் அது எழுந்து, சோற்றுப் பருக்கையைத் தேடி வீட்டுக்குள் நடந்தது. நாமே வளர்க்கலாம் என்று நான் அடம்பிடித்தேன். ஆனால் ஆற்றுப் பக்கமிருந்து அதன் ஜோடி விடாமல் கத்திக்கொண்டிருந்தது. அம்மாவால்தான் அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

எல்லோருமாக இறங்கிப் போனோம். அத்தை அதற்குத் திருநீறும் பூசியிருந்தாள்.

கரையில் அப்பா தயங்கினார். "தண்ணியில இன்னும் எண்ணெ மெதக்குதே."

"வேற எங்கண்ணே விடுறது? அது வீடு இதுதானே."

அப்பா கீழே விட்டதும் அது ஓடிப்போய் நேராகத் தண்ணீரில் இறங்கியது. நாணலுக்குள் கத்திய குரல் ஓய்ந்தது. வெயில் பட்டு ஆறு நீலமும் ஊதாவும் மஞ்சளுமாக மினுங்கியது. வீடு திரும்பியவளுக்காக யாரோ வண்ணக்கோலம் போட்டிருக்கிறார்கள் என்றெண்ணி நான் கை தட்டினேன். அத்தை மட்டும் ஏன் வெறும் கம்பளியை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு நின்றாள் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.