செல்வரத்தினம் அண்ணையும் மொஸ்தார் பாலமும்

செல்வரத்தினம் அண்ணை காலமான செய்தி வந்தபோது, பாரிஸில் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் உள்ள என் பயண முகவர் கடையில் ஜூலைச் சுற்றுலாவுக்கு இருக்கைகள் பிரித்துக்கொண்டிருந்தேன். சாரதிக்குப் பின்னால் முதல் இருக்கையில் 'அண்ணை' என்று எழுதியிருந்தேன். ஆஸ்பத்திரியில் கிடந்தவரின் பெயரை அங்கே எழுதியது நம்பிக்கையால் அல்ல, வேறு ஆள் கிடைக்காததால். அவருடைய மனைவி தொலைபேசியில் "அவர் எங்களை விட்டுப் போயிட்டார் தம்பி" என்றார். சொல்ல வேண்டிய ஆறுதல் வார்த்தைகளை எல்லாம் சொன்னேன். ஆனால் எனக்குள் முதலில் எழுந்த கேள்வி, ஜூலையில் மைக்கை யார் பிடிப்பது என்பதுதான். இதை எழுதுகிறவன் எப்பேர்ப்பட்டவன் என்பது தொடக்கத்திலேயே உங்களுக்குத் தெரிந்துவிடட்டும்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அண்ணை வருடம் முழுவதும் புறநகரான ஒபர்வில்லியேயில் ஒரு துணிக் கிடங்கில் மூட்டை அடுக்கினார். கோடை விடுமுறையில் மட்டும் என் பஸ்ஸில் வழிகாட்டி. பன்னிரண்டு நாள் சுற்றுலா: பாரிஸிலிருந்து ஸ்லோவேனியா, குரோவாசியா, பொஸ்னியா, பிறகு வீடு. பழைய கோட்டைகளும் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் பார்த்துவரும் பயணம் என்று விளம்பரத்தில் போடுவேன். உண்மையில் எங்கள் சனம் பார்ப்பது மத்தியானச் சோறு எத்தனை மணிக்கு என்பதைத்தான்.

முதல் தடவை அவர் பயணியாகவே வந்தார். அப்போது நானேதான் வழிகாட்டி. துப்ரோவ்னிக் மதிலைக் காட்டி, ரோமர் கட்டியது என்று மைக்கில் அடித்துவிட்டேன். ஏழாவது வரிசையிலிருந்து ஒரு குரல், "இல்லைத் தம்பி, ரோமர் இல்லை" என்றது. எனக்குக் கோபம் வந்தது. "அப்ப நீங்களே வந்து சொல்லுங்கோவன்" என்று மைக்கை நீட்டினேன். ஆள் வெட்கப்பட்டு உட்கார்ந்துவிடுவார் என்று நினைத்தேன். அவரோ எழுந்து வந்து, அந்தச் சின்ன நகரம் பெரிய சுல்தானுக்குத் திறை கட்டிக்கொண்டே தன் பாட்டில் எப்படி வாழ்ந்தது என்று சொல்லத் தொடங்கினார். பஸ்ஸே வாயைப் பிளந்துகொண்டு கேட்டது. அடுத்த வருடம் ஆட்கள் "அந்த அண்ணை வாறாரோ?" என்று கேட்டுத்தான் பெயர் கொடுத்தார்கள்.

சிரிப்புக்கும் அவருக்கும் வெகு தூரம். பிந்தி வருகிறவர்களை நிற்கவைத்து ஏசுவார். சாமான் வாங்கும் கடை எங்கே என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆனால் மொஸ்தார் பாலத்தைப் பற்றிப் பேசும்போது ஆள் மாறிவிடுவார்.

"அரசன் சொல்லிப்போட்டான், பாலம் விழுந்தால் தலை போகும் எண்டு. பாலத்துக்கு முட்டுக்குடுத்த சாரத்தை அவிழ்க்கிற நாளிலை, கட்டினவன் தனக்கெண்டு குழி வெட்டிவைச்சானாம். பாலம் விழேல்லை. நானூறு வருசத்துக்கு மேலை நிண்டது. பிறகு சண்டையிலை குண்டடிச்சு விழுத்தினாங்கள். அதே மாதிரிக் கல்லெடுத்துத் திரும்பக் கட்டிப்போட்டாங்கள்."

இத்தனையும் சொன்னவர் அந்தப் பாலத்தைக் கண்ணால் கண்டதில்லை. பாலம் பொஸ்னியாவில் இருக்கிறது. அண்ணையிடம் இருந்தது பிரெஞ்சுக் கடவுச்சீட்டு அல்ல, அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் பத்திரம். அதை வைத்துக்கொண்டு குரோவாசியா வரைக்கும் போகலாம், அதற்கு அப்பால் விசா வேண்டும். ஒவ்வொரு வருடமும் எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு விடுதியில் அவர் இறங்கிக்கொள்வார். பஸ் அவரில்லாமல் மொஸ்தாருக்குப் போய், இரண்டாம் நாள் திரும்பிவந்து அவரை ஏற்றிக்கொள்ளும். வாழ்க்கையில் ஒருமுறை அந்தப் பாலத்தின் உச்சியில் நின்று, நின்றபடியே அந்தக் கதையைச் சொல்ல வேண்டும். அவருக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

விசாவுக்கு என்னுடைய கடிதம் ஒன்று தேவைப்பட்டது. இவர் எங்கள் வழிகாட்டி, கூட்டிப் போய்த் திரும்பக் கொண்டுவருவோம் என்று கடையின் முத்திரையோடு அரைப் பக்கம். மாசி மாதம் வந்தால் அண்ணை கடை வாசலில் நிற்பார். "தம்பி, அந்தக் கடிதம்..." என்பார். "இந்த முறை பிந்திப் போச்சு அண்ணை, அடுத்த வருசம் பாப்பம்" என்பேன். ஆறு வருடம் இப்படிச் சொன்னேன். ஒரு வருடமும் பிந்தவில்லை.

காரணத்தை மறைக்காமல் சொல்கிறேன். ஒவ்வொரு பஸ்ஸிலும் அகதிப் பத்திரத்தோடு நாலைந்து பேர் வருவார்கள், பெரும்பாலும் வயதானவர்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் அவர்களோடு இரண்டு நாள் தங்க ஓர் ஆள் வேண்டும். விசா இல்லாத வழிகாட்டியைவிட அதற்குத் தோதான ஆள் யார்? அண்ணைக்கு விசா கிடைத்தால் நான் வேறு ஆள் தேடி அலைய வேண்டும். அதனால் அந்த அரைப் பக்கத்தை எழுதவில்லை.

சனமும் அவரைச் சும்மா விடவில்லை. புதுச்சேரிக்காரரான மதாம் லூர்து, தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வுபெற்றவர், பிறந்ததிலிருந்தே பிரெஞ்சுப் பிரஜை. எல்லையில் அண்ணை பெட்டியோடு இறங்கும்போது, "நீங்க போகாத ஊருக்கு எங்களுக்கு எப்படி மெசியே வழி சொல்றீங்க?" என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது. எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தவன் நான். 'பாலம் காணாத கைட்' என்று பட்டம் வைத்ததும் நான்தான். அது எங்கள் சனத்தின் கடைத்தெருவான லாச்சப்பல் முழுக்கப் பரவியது.

அண்ணை கோபிக்கவில்லை. "நான் சொன்னதிலை பிழை இருந்தா வந்து சொல்லுங்கோ அம்மா" என்று மட்டும் சொன்னார். நாங்கள் திரும்பிவந்ததும் ஒவ்வொருவராகப் பிடித்துவைத்துக் கேட்டார். "ஆத்துத் தண்ணி பச்சையோ நீலமோ? மேலை நிண்டால் காத்தடிக்குதோ? கல் வழுக்குதோ?" ஒருவருக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரியவில்லை. அங்கே சோறு கிடைக்காததைப் பற்றித்தான் முறையிட்டார்கள்.

போன வருடம் அண்ணைக்குப் பிரெஞ்சுப் பிரஜாவுரிமை கிடைத்தது. என்னிடம் ஒன்றும் கேட்காமல் தானே அலைந்து எடுத்துக்கொண்டார். கடவுச்சீட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "இனி உமக்குக் கடிதக் கரைச்சல் இல்லை" என்றார். குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னார். ஆனால் அந்த ஆறு வருடத்துக்குள் சர்க்கரை வியாதி அவருடைய வலது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டது. பொல்லூன்றி நடந்தார். விடுதியில் நின்ற நாலு பேருக்குத் துணையாக என் மனைவியை விட்டுவிட்டு, அண்ணையை ஏற்றிக்கொண்டு எல்லையைத் தாண்டினேன்.

மொஸ்தாரில் அனுமதி அட்டை உள்ள உள்ளூர் வழிகாட்டிதான் பேசலாம் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு பெண்ணை ஒழுங்கு செய்திருந்தேன். அண்ணையிடம் அதைச் சொல்ல மறந்துவிட்டேன். பாலம் தொடங்கும் இடத்தில் எல்லோரையும் வட்டமாக நிற்கவைத்து, தொண்டையைச் செருமி, "அரசன் சொல்லிப்போட்டான்..." என்று தொடங்கினார். அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். நான் கூட்டத்துக்கு மேலாகக் கத்தினேன்.

"அண்ணை, இஞ்சை நீங்கள் கதைக்கப்படாது. பிரச்சினை வரும். நிப்பாட்டுங்கோ."

"ஓம் தம்பி" என்று நிறுத்திக்கொண்டார்.

அவள் ஆங்கிலத்தில் நாலு வரி சொல்லிவிட்டு நடந்தாள். சனம் பின்னால் போனது. அந்தப் பாலம் தட்டையானது அல்ல, கூரை மாதிரி இரண்டு பக்கமும் சரிந்தது. கால் வைக்கிற கல் வழவழவென்றிருக்கும். அண்ணை பொல்லை ஊன்றி முதல் அடி வைத்தார், வழுக்கியது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மறுபடி வைத்தார், மறுபடியும் வழுக்கியது. "விடுங்கோ அண்ணை. விழுந்தால் பிறகு ஆஸ்பத்திரி, அது இது எண்டு எல்லாருக்கும் கரைச்சல்" என்றேன். பக்கத்துக் கடையில் ஒரு கதிரை வாங்கி, அங்கேயே அவரை இருத்திவிட்டு மேலே ஏறிப் போனேன். படம் எடுத்தேன். நல்ல காற்று.

இறங்கி வரும்போது அண்ணை தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். விடுதியிலிருந்து என் மனைவி அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி போட்டிருந்தாள். அங்கே நின்ற நாலு பேரில் ஒருவரான பூமணி அக்காவின் குரல் எனக்கும் கேட்டது.

"அண்ணை, ஏறிட்டியளோ?"

"ஓம் பிள்ளை, ஏறிட்டன். நட்ட நடுவிலை நிக்கிறன். தண்ணி பச்சை. நல்ல காத்து, சால்வை பறக்குது."

பிறகு முழுக் கதையையும் சொன்னார். அரசன், சாரம், குழி, குண்டு, கல். இருபது நிமிடம். எட்டு வருடத்தில் அவர் பிழையாக ஒன்று சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். வெட்கத்தில் எனக்குக் கிட்டப் போகத் துணிவு வரவில்லை. ஒரு கடைக்குள் நுழைந்து, அவர் பேசி முடிக்கும்வரை செம்புத் தட்டுகளைப் பார்ப்பதுபோல நின்றேன்.

அந்த மாரியில், இன்னொரு புறநகரான சென் தெனியில், ஆஸ்பத்திரியில் கிடந்தார். பார்க்கப் போனேன். மற்றக் காலிலும் புண். கடிதப் பேச்சை அவராகவே எடுத்தார்.

"நீர் ஏன் கடிதம் எழுதேல்லை எண்டு எனக்கு முதல் வருசமே விளங்கினது தம்பி. அந்தச் சனத்தோடை ஆரும் நிக்கத்தானே வேணும்."

நான் போர்வையை அவருடைய காலுக்கு மேல் இழுத்துவிட்டேன்.

"ஆனா நீர் என்னட்டை ஒருக்கால் கேட்டிருக்கலாம். கால் நல்லா இருக்கேக்கை ஒரேயொரு வருசம் போயிட்டு, மற்ற வருசமெல்லாம் நானே நிண்டிருப்பன்."

அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கப் போகவில்லை. வேலை என்று சொல்லிக்கொண்டேன்.

செத்தவீட்டில் பூமணி அக்கா எல்லோருக்கும் கேட்கச் சொல்லி அழுதார். "பாலத்தின்ரை உச்சியிலை நிண்டு எங்களோடை கதைச்ச மனுசன்!" அண்ணையின் மனைவி என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்கள் பக்கத்திலை நிண்டனீங்கள்தானே? ஏறினவர்தானே?"

"ஓம் அக்கா. ஏறினவர்" என்றேன். "அது காணும் தம்பி, மனம் ஆறிப்போச்சு" என்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். சுற்றி நின்றவர்கள், அண்ணையை மொஸ்தாருக்குக் கூட்டிப் போனவன் என்று எனக்கு நன்றி சொன்னார்கள். நன்றியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மூன்றாம் நாள் இதை எழுத உட்கார்ந்தேன்.

அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்ட அக்கா, இதை நீங்கள் வாசிப்பீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன். அவர் ஏறவில்லை. ஏறக்கூடிய கால்கள் அவருக்கு இருந்த வருடங்களை நான்தான் ஒரு விடுதி வாசலில் உட்காரவைத்தேன். விடுதியில் இருந்த நாலு பேரின் மனம் நோகாமல் இருக்க அவர் சொன்ன பொய்யை எடுத்து, நான் என் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். உங்களுக்கு மிஞ்சியிருந்த ஒரு ஆறுதலையும் இப்போது பறிக்கிறேன் என்று தெரியும். என்னைத் திட்டுங்கள். ஆனால் எனக்கு இனி ஒருவரும் நன்றி சொல்ல வேண்டாம்.

செல்வரத்தினம் அண்ணை, உங்களை என் நினைவில் பாலத்தின் உச்சியில் நிறுத்த எனக்கு உரிமை இல்லை. கடைக்காரனின் கதிரையில், பொல்லை மடியில் வைத்துக்கொண்டு, வலக்கையால் தொலைபேசியைப் பொத்தியபடி, மேலே போகும் சனத்தை அண்ணாந்து பார்க்கிறீர்கள். அப்படித்தான் நான் கண்டேன். போய் வாருங்கள். இந்த முறை உங்களை எல்லையில் இறக்கிவிட நான் கூட வரவில்லை.