துபாயிலிருந்து நாலு மணி நேரம்

எங்கள் வீடு எர்ணாவூரில். போன வருடம் அம்மா இறந்தபோது தம்பி சேகர் துபாயில் இருந்தான்.

"தம்பி எப்பம்மா வருவான்? பொழுது சாயறதுக்குள்ள எடுத்தாவணும்" என்றார் மாமா.

"ஃப்ளைட்டு நாலு மணி நேரம்தான் மாமா. ரெண்டு மணிக்கு எறங்கிடுவான். நாலு மணிக்கு வூட்ல இருப்பான்" என்று நான்தான் சொன்னேன்.

விமானம் சரியாகத்தான் இறங்கியது. ஐந்து மணிக்கு சேகர் டாக்சி டிரைவரின் ஃபோனிலிருந்து கூப்பிட்டான். "அக்கா, மணலியாண்ட கண்டெய்னர் லாரிங்க வழிய அடைச்சிகினு நிக்குது. எறங்கி ஓடியாறேன். அம்மாவ எடுத்துறாதீங்க." அன்றாடம் நான் பார்க்கும் லாரி வரிசைதான். கணக்கில் சேர்க்கத் தோன்றவில்லை.

ஆறு மணி வரை பார்த்தார்கள். பிறகு சித்தப்பா மகன் கொள்ளிச்சட்டி எடுத்தான்.

வீட்டைக் கழுவிவிட்டு உட்கார்ந்திருந்தோம். சேகர் வந்தான். ஈரத்தரையைப் பார்த்ததுமே புரிந்துகொண்டான். "மொகத்தக்கூட பாக்கலியேக்கா" என்று அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

இப்போதெல்லாம் தெருவில் சாவு என்றால், வெளிநாட்டிலிருந்து பிள்ளை வரவேண்டும் என்றால், நான் போய்ச் சண்டை போடுவேன். "புள்ள தெருமொனைக்கு வந்தப்புறம் நேரம் குறிங்க." காத்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளை வந்து முகம் பார்க்கும்போது மட்டும் நான் அங்கே நிற்பதில்லை.