அட்டைக்குப் பின்னால் யார்?

துப்பாக்கி சொல்லிக்கொடுக்கும் தொழிலில் குறி தவறுவது பெரிய விஷயமில்லை. தவறிய குண்டு எங்கே போய் நிற்கிறது என்பதுதான் விஷயம். பாட்டு கிளாஸுக்கும் டியூஷனுக்கும் இடம் தேடி அலைந்து, சத்தம் வருமே என்று துரத்தப்பட்டவர்கள் உங்களில் இருப்பார்கள். என் பாடு அவர்களுக்குப் புரியும். என்னைத் துரத்தியவர்கள் சத்தத்தைப் பற்றிக் கேட்கக்கூட இல்லை.

சென்னையில் ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில் பதினோரு வருஷம் குறி அட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். பிறகு சொந்த ஊரான செஞ்சிக்கே வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் ஏர் துப்பாக்கி கற்றுக்கொடுக்க ஆரம்பித்தேன். பச்சைப்பயறு அளவு ஈயக் குண்டுதான். ஆனால் கண்ணில் பட்டால் கண் போச்சு. எனக்கு முதல் நாளிலிருந்து ஒரே பயம்: அட்டைக்குப் பின்னால் ஓர் ஆள் வந்து நின்றுவிடுவார் என்று. பயம் வந்தால் என் மூச்சு புஸ்புஸ்ஸென்று நாலு பேருக்குக் கேட்கும். என் கூட்டாளி சேகர் எதற்கும் பயப்படாதவன். அவன் எனக்கு வைத்த பெயர் பஞ்சர் கடை பம்பு.

நீளப் பை

செஞ்சியில் யாரிடம் இடம் கேட்டாலும் கை தானாக மலையைக் காட்டும். கோட்டையடியில் அவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே என்பார்கள். அது சும்மா கிடக்கும் இடமல்ல, பாதுகாக்கப்பட்ட எல்லை, அங்கே துப்பாக்கியை எடுத்தாலே வம்பு என்று எனக்குத் தெரியும். சேகர் கேட்கவில்லை. சுட வேண்டாம், எல்லை எங்கே முடிகிறது என்று மட்டும் பார்த்துவிட்டு வரலாம் என்று என்னை இழுத்துக்கொண்டு போனான். துப்பாக்கிப் பை என் தோளில் இருந்தது. வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கலாம். வீட்டில் வைக்கவும் எனக்குப் பயம்.

காவலாளி ஒருவர் வந்து, எங்கே போகிறீர்கள் என்று சாதாரணமாகத்தான் கேட்டார். என் மூச்சு பம்படிக்க ஆரம்பித்தது. கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொன்னேன். பையைத் திறந்து காட்டினேன், வாங்கிய பில்லை நீட்டினேன், குண்டு டப்பாவைக் குலுக்கி மூடியிருக்கிறது என்று நிரூபித்தேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு எங்களை ரோடு வரை கொண்டுவந்து விட்டார். போகும்போது சொன்னார்: "நீ கம்முனு இருந்திருந்தா கிரிக்கெட் மட்டைன்னு நெனச்சி வுட்டிருப்பேன்."

கேட்டு வந்த ஆள்

பயந்தவனுக்கு ஒரு வழிதான் உண்டு, நேராகப் போய்க் கேட்டுவிடுவது. வெள்ளைத்தாளில் மனு எழுதிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். எங்கே சுடலாம் என்று தயவுசெய்து தெரிவிக்கவும் என்று முடித்திருந்தேன். சேகர் வாசலோடு நின்றுகொண்டான், எதற்கும் பயப்படாதவனாயிற்றே.

ரைட்டர் மனுவை இரண்டு முறை படித்தார். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். பிறகு விரல்விட்டுச் சொன்னார். காட்டு இலாகா இடம் கூடாது, கோட்டைப் பக்கம் கூடாது, ஏரிக்கரை கூடாது, மயில் கொக்கு எதன் மேலும் படக்கூடாது. ஒருத்தருடைய பட்டா நிலமாக இருக்க வேண்டும், அவர் சம்மதம் கையெழுத்தோடு வேண்டும், பொதுவழி பக்கத்தில் இருக்கக்கூடாது. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். எழுந்தபோது அவர் மனுவை இன்னொரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சுட்டுட்டு வந்தவங்கள பாத்திருக்கேன். சுடலாமான்னு கேட்டுட்டு வந்தவன் நீதான்யா மொத ஆளு."

பாறை

பட்டா நிலம் ஒன்று கிடைத்தது. பஜாரில் மளிகைக் கடை வைத்திருப்பவருடையது. அவரே என்னிடம் கற்றுக்கொள்ள வந்தவர். நிலத்தின் கடைசியில் வீடு உயரத்துக்கு ஒரு பாறை. இதைவிடச் சுவர் வேண்டுமா என்றார் அவர். எங்கள் ஊரில் பிறந்தவன் பாறையைச் சந்தேகப்படமாட்டான். பீரங்கியையே தாங்கிய ஊர் என்று பேசி வளர்ந்தவர்கள் நாங்கள். சென்னை கிளப்பில் அட்டைக்குப் பின்னால் குண்டைப் பிடித்துக்கொள்ளும் பெட்டி இருந்தது. ஏன் அப்படி ஒரு பெட்டி என்று பதினோரு வருஷத்தில் ஒரு நாளும் நான் யோசித்ததில்லை.

முதல் குண்டை நான்தான் சுட்டேன். அட்டைக்கு ஒரு விரற்கடை மேலே போனது. அடுத்த நொடி எனக்குப் பின்னால் டங்கென்று ஒரு சத்தம். கணக்கு எடுக்கும் வசந்தி டீச்சர், என் மாணவர்களில் கெட்டிக்காரர், அங்கே பாயில் உட்கார்ந்திருந்தார். அவர் முழங்காலுக்குப் பக்கத்திலிருந்த டிபன் கேரியர் மூடியில் புதிதாக ஒரு சொட்டை விழுந்திருந்தது. பாறையில் பட்ட குண்டு திரும்பி வந்திருக்கிறது. ஒரு முழம் தள்ளி வந்திருந்தால் என்று நினைத்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். டீச்சர் மூடியைத் தடவிப் பார்த்தார். பிறகு எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "சார், பாறை வாங்கி வெச்சிக்காது போல. நமக்கு மண்ணுதான் வேணும்."

கேரண்டி

மண் பக்கத்துக் கிராமமான தொண்டூரில் கிடைத்தது. ஏழுமலை என்ற விவசாயி ஒரு காலத்தில் செங்கல் அறுக்க மண் எடுத்த குழி. மூன்று பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் மண்கரை. குண்டு போனால் புதைந்துவிடும். அவர் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார், ஸ்டேஷனிலும் காட்டினேன். சட்டப்படி எல்லாம் சரி. ஆனால் கரைக்குப் பின்னால் யார் நடமாடுவார்கள் என்று கடிதத்தில் இல்லையே. மூன்று நாள் அங்கே போய்க் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். ஓர் ஓணானைத் தவிர யாரும் வரவில்லை.

அப்படியும் மனசு ஆறவில்லை. கரைக்கு அந்தப் பக்கம் சேகர் நிற்க வேண்டும், ஆள் இல்லாதவரை எங்கள் கண்ணுக்குத் தெரியும்படி கம்பில் கட்டிய பச்சைத்துணியைத் தூக்கிப் பிடிக்க வேண்டும், ஆள் யார் வந்தாலும் சிவப்பு, சிவப்பு தெரிந்தால் யாரும் துப்பாக்கியைத் தொடக்கூடாது என்று ஏற்பாடு செய்தேன். ஏழுமலைக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. என் தோளில் தட்டிச் சொன்னார்: "இன்னாத்துக்கு சார் இவ்ளோ டென்ஷன்? இங்க ஒருத்தரும் வரமாட்டாங்க. நான் கேரண்டி."

பச்சைத்துணி

முதல் ஞாயிறு. காலை எட்டு மணி, நல்ல வெளிச்சம். பச்சைத்துணி தெரிந்தது. வசந்தி டீச்சர் குண்டு போட்டு, தோளில் அணைத்து, குறி பார்த்தார். அவர் குறி பார்க்கும்போது உலகத்தையே மறந்துவிடுவார். அட்டையின் நடுப்புள்ளி தவிர எதுவும் தெரியாது. நான் வழக்கம்போல அவருக்குப் பின்னால் நின்று பம்படித்துக்கொண்டிருந்தேன்.

அட்டைக்கு நேர் மேலே, கரையின் உச்சியில், ஒரு வெள்ளை வேட்டி எழுந்தது. ஏழுமலை. எங்கள் முகம் தெரிய எதிரே உட்கார்ந்து பார்க்கலாம் என்று, துண்டை விரித்துச் சாவகாசமாக உட்காரப் போனார். நிறுத்துங்கள் என்று கத்த வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. மூச்சும் வரவில்லை. டீச்சரின் விரல் விசையில் இருந்தது. என் ஜன்மத்தில் அவ்வளவு பயந்ததில்லை. இனி எனக்கு ஒரு வகுப்பும் வேண்டாம், இந்த ஒரு குண்டு மட்டும் போகாமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன்.

டீச்சர் துப்பாக்கியைத் தாழ்த்தினார். குண்டை வெளியே எடுத்துவிட்டு, அப்புறம்தான் தலையைத் தூக்கிக் கரையைப் பார்த்தார். பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

சேகர் ஓடி வந்தான். ஏழுமலை ஏறுவதை அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான், பச்சைத்துணியைத் தூக்கிப் பிடித்தபடியே. நிலத்துக்காரரை எப்படி ஆள் கணக்கில் சேர்ப்பது என்று விட்டுவிட்டானாம். ஏழுமலைக்கோ இன்னும் ஒன்றும் புரியவில்லை. யாரும் வரமாட்டார்கள் என்று சொன்னது ஊராரைத்தானே, தன் நிலத்துக்குத் தான் வராமல் இருப்பதா என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. அவர் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிவந்து எங்களுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். அந்த நாற்காலி இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது, ஞாயிறுதோறும் அவர் அதில்தான் இருக்கிறார். அவர் வந்து உட்காரும்வரை நாங்கள் பையைத் திறப்பதில்லை.

அன்றைக்கு ஏழுமலை உட்கார்ந்த பிறகு டீச்சரிடம் கேட்டேன், ஆளைப் பார்க்காமலே எப்படித் துப்பாக்கியைத் தாழ்த்தினீர்கள் என்று. அவர் சொன்னார்: "உங்க மூச்சு சத்தம் நின்னுபோச்சு சார். அது நின்னு நான் கேட்டதே இல்ல."

செஞ்சிப் பக்கம் சட்டப்படி சுட ஓர் இடம் கிடைத்துவிட்டது. ஆனால் அங்கே ஓயாமல் பயந்துகொண்டிருக்க ஓர் ஆள் வேண்டியிருப்பதால், அந்த வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன்.